பெட்டியில் வந்த பைப்பர் கப்: ஜோஹன்னஸ்பர்க் உயரத்தில் கட்டிப் பறக்கவிட்ட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேடியோவில் இயக்கும் மாடல் விமானம் இது, பால்சா எனும் லேசான மரத்தில் நாமே கட்ட வேண்டும். 1.8 மீட்டர் இறக்கை உள்ள இந்த பைப்பர் கப் கிட்டைத் தாராளமாக வாங்கலாம். மரம் நல்ல மரம், வெட்டு சுத்தமான வெட்டு. உள்ளே வைத்திருக்கும் செய்முறைத் தாள் மட்டும் சகிக்கவில்லை. டர்பன், கேப் டவுன் பக்கம் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு ஆர்டர் போடப் போகலாம். ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியாக்காரர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் மேட்டுநிலக் காற்றுக்கு இதைப் பெட்டியில் சொன்னபடியே கட்டினால் பறக்கும், ஆனால் சந்தோஷமாகப் பறக்காது.

கம்பெனிப் பெயரையும் கடைப் பெயரையும் விட்டுவிடுகிறேன். குறைகளும் சொல்லப்போகிறேன், அதில் ஒருவரை இழுத்து நிறுத்துவதில் எனக்கு விருப்பமில்லை. சீனாவில் லேசரில் வெட்டி, தட்டையான பெட்டியில் போட்டு அனுப்பும் வகை. இங்கேயே இருக்கும் ஆன்லைன் கடையில் கூரியர் சேர்த்து 2,400 ரேண்ட் கொடுத்தேன். வெளியிலிருந்து நேரடியாக வரவழைத்தால் விலை குறைவாகத் தெரியும். 15 சதவீத வாட், கூரியர்காரரின் கிளியரன்ஸ் கட்டணம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த லாபம் காணாமல் போகும்.

இந்த மாடலுக்கு மூலமான நிஜ விமானம், பைப்பர் ஜே-3 கப் பற்றி இரண்டு வரி. பென்சில்வேனியாவின் லாக் ஹேவனில் 1938 முதல் 1947 வரை கிட்டத்தட்ட 20,000 விமானங்கள் செய்தார்கள். பெரும்பாலானவற்றில் 65 குதிரைத்திறன் எஞ்சின். இறக்கை நீளம் 35 அடி 3 அங்குலம், அதாவது 10.74 மீட்டர். அதை ஆறால் வகுத்தால் 1.79 மீட்டர். ஆக இந்தக் கிட் நேர்மையான ஆறில் ஒரு பங்கு அளவு. வாலைக் கொஞ்சம் பெரிதாக்கி, மூக்கைக் கொஞ்சம் நீட்டி ஏமாற்றும் கிட்டுகள் உண்டு. இதில் இறக்கை அகலத்தையும் அளந்து பார்த்தேன், 267 மில்லிமீட்டர். அசலோடு ஒத்துப்போகிறது.

பெட்டிக்குள் பால்சா தகடுகள், பிளைவுட் தகடுகள், கட்டைகள் ஒரு கட்டு, இறக்கையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் குழாய், சக்கரங்களுக்கு வளைத்த கம்பி, மூக்குக்கு பிளாஸ்டிக் மூடி, கண்ணாடிக்கு ஒளி ஊடுருவும் தகடு, ஒரு பை நிறையத் திருகாணி. மோட்டார், வால், இறக்கைத் தகடுகளை அசைக்கும் குட்டி மோட்டாரான சர்வோ, ரேடியோ ரிசீவர், பேட்டரி எதுவும் கிடையாது. மேலே ஒட்டும் ஃபிலிமும் கிடையாது. இதையெல்லாம் சேர்த்தால் கிட் விலையைப்போல இன்னும் இரண்டு மடங்கு ஆகும். ரேடியோ ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இது மலிவு.

நான் வேலை செய்வது மருந்துக் கடையில். கிராமுக்குக் கீழே எடை பார்ப்பது தினப்படி வேலை. அதனால் பெட்டி வந்ததும் முதலில் பசையைத் தேடவில்லை, தராசைத்தான் எடுத்தேன். பால்சா ஈக்வடாரிலிருந்து வரும் மரம். மளமளவென்று வளரும், அதனால் ஒரே மரத்திலேயே ஒரு பக்கம் பஞ்சு, இன்னொரு பக்கம் கட்டை என்று இருக்கும். கன மீட்டருக்கு 100 கிலோவிலிருந்து 250 கிலோவரை போகும். வாங்குகிறவருக்கு இதெல்லாம் வெளியில் தெரியாது, இரண்டும் ஒரே வெள்ளை. என் பெட்டியில் இறக்கை முன்விளிம்புக்கு வந்த இரண்டு கட்டைகளில் ஒன்று 11 கிராம், மற்றது 19 கிராம். ஒரே நீளம், ஒரே கனம். எட்டு கிராம்தானே என்று தோன்றும். அது இறக்கையின் முழு நீளத்துக்கும் ஓடுகிறது, அதன் பின்னால் வரும் கட்டைகளும் அதே பக்கம் கனமாக அமைந்துவிட்டால் விமானம் எப்போதும் ஒரு தோளைத் தாழ்த்தியே பறக்கும். கனமான முன்விளிம்பை இடப்பக்கம் வைத்து, கனமான நடுக்கட்டைகளை வலப்பக்கம் வைத்துச் சரிக்கட்டினேன். கட்டி முடித்து இரு முனைகளையும் தூக்கிப் பார்த்தபோது ஒரு சின்ன நாணயத்தின் எடைதான் வித்தியாசம். இந்த வேலையைக் கிட் செய்தவர்கள் செய்திருக்க வேண்டும். அந்த விலைக்கு எதிர்பார்க்க முடியாது என்பதும் தெரியும்.

லேசர் வெட்டு அருமை. இறக்கையின் விலா எலும்புகளைத் தகட்டிலிருந்து விரலால் தள்ளினாலே கழன்று வருகின்றன, பிளேடு போட வேண்டிய இடங்கள் குறைவு. ஆனால் விளிம்பெல்லாம் கரி. கரியின் மேல் பசை ஒட்டினால் அது கரியைத்தான் பிடிக்கும், மரத்தைப் பிடிக்காது. மெல்லிய உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அதற்கு மேல் தேய்த்தால் இறுக்கமாக அமர வேண்டிய காடி தளர்ந்துவிடும்.

பசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் இருக்கும் பாடங்கள் எல்லாம் வேறு ஊர்க்காரர்கள் செய்தவை. சி.ஏ. எனும் சூப்பர் க்ளூ இறுகுவது காற்றில் இருக்கும் ஈரத்தால். ஜூலையில் நம் ஊரில் உதடு வெடிக்கும் வறட்சி. வீடியோவில் ஒரு நொடியில் பிடிப்பதாகக் காட்டுகிறார்கள், என் மேசையில் அதே பசை கையை எடுத்தால் நகர்ந்தது. பக்கத்துத் தெரு அங்கிள் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவர், சிறுவயதில் டிஷ்யூ காகிதம் ஒட்டி, அதை இறுக்கும் டோப் எனும் வார்னிஷ் பூசி, ஈதர் நாறும் டீசல் எஞ்சின் வைத்துப் பறக்கவிட்டவர். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டர்பன்ல ஊத்துறதுக்குள்ள இறுகிடும்மா. இங்க கெஞ்சணும்."

அவர் யோசனைப்படி மேசைக்குப் பக்கத்தில் ஈரத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டேன். வித்தியாசம் தெரிந்தது. பிறகு அவசரமில்லாத இணைப்புகள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் மரப்பசைக்கு மாறினேன். குண்டூசி குத்தி, துணி கிளிப் மாட்டி, இரவு விட்டுவிட வேண்டும். எடையும் அதிகமில்லை, பிறகு உப்புத்தாள் போடவும் சுலபம். மோட்டார் நிற்கும் முன் தடுப்புப் பலகைக்கும் சக்கரக் கம்பி அமரும் பலகைக்கும் மட்டும் எபாக்ஸி. அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

இனி அந்தத் தாள். முழு அளவு வரைபடம் இல்லை. பாகங்களைப் பிரித்து அந்தரத்தில் மிதக்கவிட்ட படங்கள் மட்டும், அதுவும் கைரேகை அளவில். உடலின் மூன்றாவது, நான்காவது சட்டங்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கும். சர்வோவின் கம்பி போகும் துளைதான் வித்தியாசம். அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எங்கும் இல்லை. எடைமையம் எங்கே என்பதற்கு ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள், எண் இல்லை. விமானத்தைக் கட்டுகிறவருக்குத் தேவையான ஒரே எண் அதுதான்! முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் 28 சதவீதம், அதாவது சுமார் 75 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். கப்புக்கு மூக்கு குட்டை. பேட்டரியை முன் பலகையோடு ஒட்டித் தள்ளினால்தான் அந்த இடத்தில் நிற்கிறது. அதற்குத் தேவையான இடத்தை உள்ளே விட்டிருக்கிறார்கள், அதற்கு ஒரு சபாஷ். மோட்டாரைக் கீழ்நோக்கியும் வலப்பக்கமும் சற்றே சாய்க்க வேண்டும், பலகையில் அந்தச் சாய்வு இல்லை. வாஷர் வைத்து இரண்டு டிகிரி கொடுத்தேன்.

தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டினால் கட்டுவது இன்பம். இறக்கையின் அடிப்பக்கம் ஏறக்குறைய தட்டை என்பதால் மேசையிலேயே நேராகக் கிடக்கிறது. விலாக்களின் அடியில் சின்னக் கால்கள் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவை மேசையைத் தொட்டால் இறக்கை முறுக்கிக்கொள்ளாது, பிறகு ஒடித்துவிடலாம். இதை யோசித்த ஆளும் அந்தத் தாளை வரைந்த ஆளும் ஒருவராக இருக்க வாய்ப்பே இல்லை.

ஃபிலிம் ஜெர்மன் தயாரிப்பான ஓராகவர், கப் மஞ்சள். பக்கத்தில் கறுப்பு மின்னல் கோடு. சின்ன இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி, சூடு காட்டி இழுக்க வேண்டும். மின்சாரம் போகிற நாட்களை நினைத்து ஒரு வார்த்தை: பேட்டரி சார்ஜரைக் கார் பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டில் ஓட்டலாம், இஸ்திரியை ஓட்ட முடியாது. மின் நிறுவனமான எஸ்காமின் மின்வெட்டு அட்டவணை இருந்தால் அதைப் பார்த்துவிட்டு இறக்கையைத் தொடங்குங்கள். வறண்ட காற்றில் ஃபிலிம் மேளத்தோல் மாதிரி விறைத்து நிற்கிறது. கடற்கரைக்குக் கொண்டுபோனால் மறுபடி சூடு காட்ட வேண்டிவரும் என்றார் அங்கிள். அவர் அனுபவம் அது, நான் இன்னும் கொண்டுபோகவில்லை.

இப்போது முக்கிய விஷயம். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு மேல் 1,750 மீட்டர் அளவில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் 84 சதவீதம். கோடை மதியம் 30 டிகிரி என்றால் 77 சதவீதம்வரை இறங்கும். மெல்லிய காற்றில் இறக்கைக்குத் தூக்கும் பிடி குறைவு, புரொப்பெல்லருக்கு இழுக்கும் பிடியும் குறைவு. பேட்டரியோடு என் கப் 1.9 கிலோ. இறக்கைப் பரப்பு 46 சதுர டெசிமீட்டர். கணக்குப் போட்டால், கடற்கரையில் வேகம் மணிக்கு சுமார் 27 கிலோமீட்டராகக் குறையும்வரை கீழே விழாமல் நிற்கும் விமானம், இங்கே கோடை மதியத்தில் 31-க்குக் குறைந்தாலே பிடி இழந்து விழத் தொடங்கும். நான்கு கிலோமீட்டர் பெரிதில்லை என்று நினைத்தால், இறங்கும்போது புல்தரை எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று பாருங்கள்.

அதனால்தான் அந்தத் தராசு. டர்பனில் 200 கிராம் கூடினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். இங்கே அது தெரிகிறது. வால் பகுதிக்கு லேசான மரம் மட்டும் தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் வாலில் கூடும் ஒரு கிராமுக்கு மூக்கில் பல கிராம் ஈயம் வைக்க வேண்டும். தாளில் சொன்ன 11 அங்குல புரொப்பெல்லருக்குப் பதில் 12-க்கு 6, அதாவது 12 அங்குல விட்டமும் 6 அங்குலப் புரியும் உள்ளதைப் போட்டேன். கடற்கரையில் இது மோட்டாருக்குச் சுமையாக இருக்கலாம்; மெல்லிய காற்றில் புரொப்பெல்லர் சுழல எடுக்கும் சக்தியும் குறைவு என்பதால் இங்கே தாங்குகிறது. மின்னோட்டத்தை அளந்து பார்த்த பிறகே போட்டேன், நீங்களும் அளக்காமல் போடாதீர்கள்.

பறப்பது? குளிர்காலக் காலையில், காற்று அசையாத நேரத்தில், இதைவிட அழகான ஒன்றை அந்த மைதானத்தில் நான் பார்த்ததில்லை. பாதி விசையில் தானாகப் போகிறது. கப்பின் குணம் அப்படியே இருக்கிறது, கெட்ட குணமும் சேர்த்து. இறக்கையைச் சாய்க்கும் தகடான எய்லரானை மட்டும் கொடுத்துத் திருப்பினால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். வாலில் நிற்கும் திருப்புத் தகடான ரடரைச் சேர்த்துக் கொடுத்தால்தான் வளைவு வளைவாக இருக்கும். ஓடுபாதையில் வால் சக்கரக்காரி, கவனம் தவறினால் வட்டம் போட்டு நிற்பாள். இறங்கும்போது விசையை முழுக்கக் குறைக்காமல் கொஞ்சம் வைத்துக்கொண்டே வாருங்கள். கோடையில் மதியத்துக்குப் பிறகு இடிமேகம் கூடுவதற்கு முன் வரும் காற்று இந்த இறக்கைக்கு ஆகாது, காலை பத்து மணிக்குள் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. இங்கே கிளப்பில் பறக்க தென்னாப்பிரிக்க மாடல் விமானச் சங்கத்தின் உறுப்பினராக வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடு அதோடு சேர்ந்தே வருகிறது. அந்தக் காப்பீட்டில் மைதானத்தில் முட்டையிட்டு, நெருங்கினால் கத்திக்கொண்டு பாயும் ஆள்காட்டிக் குருவிகள் அடங்குமா என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

முதல் விமானமாக இதை வாங்காதீர்கள். நுரையில் செய்த ரெடிமேட் பயிற்சி விமானம் ஒன்றில் கை பழகட்டும், பிறகு வாருங்கள். ரடரைத் தொடாமல் பறக்கப் பழகியவர்களுக்கு இது ஒரு நல்ல வாத்தியார். உடைந்தால் என்ன செய்வது என்ற பயம் வேண்டாம். நொறுங்கிய விலாவைப் பழைய தகட்டின் மேல் வைத்து வரைந்து, பிளேடால் வெட்டி, மாலைக்குள் மாற்றிவிடலாம். அதனால் வெட்டிப்போட்ட தகடுகளைக் குப்பையில் போடாதீர்கள், அவைதான் உங்கள் அச்சு. மூக்கு மூடிதான் ஒரே தலைவலி. மெல்லிய பிளாஸ்டிக், முதல் முட்டலிலேயே கீறும், கடையில் தனியாகக் கிடைப்பதில்லை. கேட்டு எழுதினேன், முழுக் கிட்டையும் இன்னொன்று வாங்கச் சொன்னார்கள். பொருத்துவதற்கு முன்பே உட்பக்கம் மெல்லிய கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸியால் ஒட்டிவிடுங்கள். பன்னிரண்டு கிராம் கூடும். அந்த விமானத்தில் நான் மனமாரச் சேர்த்த எடை அது ஒன்றுதான், மூக்கில் எப்படியும் எடை தேவை.