இன்டெல் ஏஎக்ஸ்210 வைபை கார்டு: டுவல் பூட் லப்டொப்பில போட்டுப் பாத்து எழுதுறது

லினக்ஸும் விண்டோஸும் ஒரே லப்டொப்பில வச்சிருக்கிற ஆக்களுக்கு வைபை அறுந்து அறுந்து வாறது எவ்வளவு அரியண்டம் எண்டு சொல்லத் தேவையில்லை. அதுக்காகத்தான் இந்தக் கார்டை வாங்கிப் போட்டனான், இப்ப கன நாளாப் பாவிக்கிறன், திறமான சாமான், தாராளமா வாங்கலாம். ஆனா வாங்க முதல் காசு செலவில்லாம செய்து பாக்க வேண்டிய வேலை கொஞ்சம் கிடக்கு, அதைச் செய்யாம கார்டை மட்டும் மாத்தினா புதுக் கார்டும் பழையது மாதிரியே நிண்டு நிண்டுதான் ஓடும், அதால ரெண்டையும் சேத்தே எழுதுறன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கட வீட்டில ஒரே லப்டொப்தான். தங்கச்சி கம்பஸ் வேலைக்கு விண்டோஸ் பக்கம், நான் என்ர வேலைக்கு உபுண்டு எண்ட லினக்ஸ் பக்கம். அவள் விண்டோஸில சூம் வகுப்பு தொடங்கி முடியுமட்டும் ஒரு சோலியும் இல்லை, நான் உபுண்டுவுக்கு வந்தா கொஞ்ச நேரம் நல்லா ஓடும், பிறகு வைபை அடையாளம் முழுசாக் காட்டிக்கொண்டே ஒரு பக்கமும் திறக்காது, ஒருக்கா ஓப் பண்ணி ஒன் பண்ணினா வரும், பேந்து திரும்ப அதே கதை. சில நாளில லப்டொப்பை ஒன் பண்ணேக்கயே வைபை எண்ட ஒரு சாமானே இதுக்குள்ள இல்லாத மாதிரி இருக்கும். பழைய கார்டு எந்தக் கம்பனி எண்டு எழுதேல்லை, அது தேவையுமில்லை, லப்டொப்போட வந்த சாதாரணக் கார்டு, அவ்வளவுதான்.

டுவல் பூட் வச்சிருக்கிற ஆக்களுக்கு இதில ஒரு பெரிய வசதி இருக்கு, கனபேர் அதைக் கவனிக்கிறதில்லை. ரெண்டு பக்கமும் வைபை அறுந்தா பிழை கூடுதலா ரவுட்டரில, இல்லாட்டி லப்டொப்புக்குள்ள இருக்கிற அன்ரனா வயரில. விண்டோஸில நல்லா ஓடி லினக்ஸில மட்டும் அறுந்தா டிரைவர் (கார்டை ஓட வைக்கிற மென்பொருள்), பவர் சேவிங், இந்த ரெண்டிலதான் தேட வேணும். இதை முதல் பிரிச்சுப் பாத்தா பாதி வேலை முடிஞ்சுது. லப்டொப்பை எந்தக் கடைக்குக் கொண்டு போனாலும் இந்தத் தகவலைச் சொல்லிப்போட்டுக் குடுங்கோ, திருத்திற ஆளுக்கும் அது உதவி.

"சில நாளில வைபையே இல்லை" எண்ட பிரச்சினைக்குக் கூடுதலாக் காரணம் விண்டோஸ் பக்கம் இருக்கிற பாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 வந்த 2012இல இருந்து இருக்கிற வசதி இது. நீங்கள் ஷட் டவுன் எண்டு அமத்தினாலும் விண்டோஸ் முழுசா நிக்கிறதில்லை, கேர்னல் (சிஸ்டத்தின்ர மையப் பகுதி) இருந்த நிலையை டிஸ்க்கில எழுதி வச்சிட்டு அரைத் தூக்கத்தில போகும், அடுத்த முறை கெதியா எழும்பத்தான் அப்பிடி. விண்டோஸ் மட்டும் இருக்கிற ஆளுக்கு அது நல்லது. ஆனா அந்த நிலையில நீங்கள் லினக்ஸுக்குள்ள போனா வைபை கார்டு முந்தின ஆள் விட்டுட்டுப் போன நிலையிலேயே கிடக்கும், லினக்ஸ் டிரைவரால அதைப் புதுசா எழுப்ப ஏலாமப் போகலாம். விண்டோஸ் பார்ட்டிஷனை லினக்ஸில திறக்கேக்க எழுத விடாம வாசிக்க மட்டும் விடுறதுக்கும் இதே காரணம்தான், அதைக் கண்டிருக்கிற ஆக்களுக்கு இது உடன விளங்கும்.

சோதிச்சுப் பாக்கிறது லேசு. விண்டோஸில இருந்து வரேக்க ஷட் டவுன் குடுக்காம ரீஸ்டார்ட் குடுத்து லினக்ஸுக்குப் போங்கோ. ரீஸ்டார்ட் எண்டா விண்டோஸ் முழுசா நிண்டுதான் திரும்ப எழும்பும். அப்பிடிப் போகேக்க வைபை ஒழுங்கா வந்தா ஆளைப் பிடிச்சாச்சு. கொன்ட்ரோல் பனலில பவர் ஒப்ஷன்ஸுக்குள்ள பவர் பட்டனை அமத்தினா என்ன செய்யவேணும் எண்டு கேக்கிற இடம் இருக்கு, அதுக்குள்ள பாஸ்ட் ஸ்டார்ட்அப் சரியை எடுத்து விடுங்கோ. விண்டோஸுக்குப் பெரிய அப்டேட் ஒண்டு வந்தாப் பிறகும் அந்த இடத்தை ஒருக்காப் போய்ப் பாருங்கோ. தங்கச்சி கேட்ட முதல் கேள்வி "அப்ப விண்டோஸ் எழும்ப நேரம் எடுக்குமே அண்ணா?" எண்டதுதான், எஸ்எஸ்டி போட்ட லப்டொப் எண்டா பெரிய வித்தியாசம் தெரியாது, அவளுக்கும் தெரியேல்லை.

அடுத்தது பவர் சேவிங். உபுண்டுவில வைபை பவர் சேவிங் ஒன் பண்ணித்தான் வரும், பற்றரி மிச்சம் பிடிக்க. சில கார்டுகள் இதில தூங்கிட்டு ரவுட்டர் கூப்பிடேக்க உடன எழும்பாது, அதாலதான் அடையாளம் முழுசா இருக்க நெட் மட்டும் நிக்கிறது. நெட்வேர்க் மனேஜரின்ர கொன்பிக் போல்டருக்குள்ள வைபை பவர்சேவ் எண்ட பேரோட ஒரு சின்ன பைல் கிடக்கும், அதில 3 எண்டு இருக்கிறதை 2 ஆக்கி சேவ் பண்ணி லப்டொப்பை ரீஸ்டார்ட் பண்ணினாச் சரி, 3 எண்டா ஒன், 2 எண்டா ஓப். பற்றரி கொஞ்சம் கெதியா இறங்கும், வேலை முக்கியமெண்டா அதைப் பாக்காதையுங்கோ.

ரவுட்டர் பக்கமும் ஒருக்கா. எங்கட ஊரில கரண்ட் போய் வந்தா ரவுட்டர் தானா ஒரு சனலைப் புதுசாத் தெரிவு செய்யும், 2.4 கிகாஹேர்ட்ஸில அது 12, 13க்குப் போனா சில கார்டுகள் அந்த ரவுட்டரின்ர பேரையே காட்டாது, போனில மட்டும் நல்லா வேலை செய்யும். கரண்ட் வந்த உடன லப்டொப்பில மட்டும் நெட் இல்லையெண்டா இதையும் யோசியுங்கோ. ரவுட்டர் செட்டிங்கில ஓட்டோவை எடுத்துப்போட்டு 1, 6, 11 இதில ஒண்டில நிரந்தரமா விடுங்கோ. பிறகு, பழைய வீடுகளில முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டின தடிச்ச சுவர், விறாந்தையில ரவுட்டரை வச்சிட்டு பின் அறையில 5 கிகாஹேர்ட்ஸ் எதிர்பாக்க ஏலாது, அங்க 2.4தான் சரி. அதுக்கு எந்தக் கார்டு போட்டும் பிரயோசனமில்லை, ரவுட்டரை நடு ஹோலுக்குக் கொண்டு வாங்கோ.

இவ்வளவும் செய்தாப் பிறகு எங்கட லப்டொப் முந்தியை விடக் கனக்கத் திருந்தினது, ஆனா முழுசா இல்லை. மிச்சம் இருந்ததுக்குக் காரணம் டிரைவர். பழைய கார்டின்ர டிரைவர் லினக்ஸ் கேர்னலுக்குள்ள இல்லை, வெளியால எடுத்து டீகேஎம்எஸ் எண்ட முறையில பூட்ட வேணும். உபுண்டு கேர்னலை அப்டேட் பண்ணுற ஒவ்வொரு முறையும் அந்த டிரைவர் புதுக் கேர்னலுக்கு ஏத்த மாதிரித் திரும்ப உருவாக்கப்பட வேணும், அது சரிவராட்டி அடுத்த நாள் விடிய வைபை இல்லை, வைபை இல்லாட்டி திருத்துறதுக்குத் தேவையானதை டவுன்லோட் பண்ணவும் வழியில்லை. செக்கியூர் பூட் (கையெழுத்து இல்லாத மென்பொருளை ஏத்த விடாத பாதுகாப்பு) ஒன் எண்டா அந்த டிரைவருக்குக் கையெழுத்து வச்சு, அந்தச் சாவியை லப்டொப்பில பதியவும் வேணும். (அந்த நேரத்தில போனை யூஎஸ்பி வயரில கொளுவி டெதரிங் (போனின்ர நெட்டை லப்டொப்புக்குக் குடுக்கிறது) போடுங்கோ, லினக்ஸ் உடன எடுக்கும், எனக்குக் கன இடத்தில கை குடுத்தது அதுதான்.) கார்டு மாத்த முதல் இன்னும் ஒண்டு செய்யலாம், புது லினக்ஸ் ஒண்டை பென் டிரைவில போட்டு இன்ஸ்டோல் பண்ணாம லைவா ஓட்டிப் பாருங்கோ, புதுக் கேர்னலில உங்கட பழைய கார்டுக்கே டிரைவர் வந்திருந்தா காசு மிச்சம். எங்கட கார்டுக்கு வரேல்லை.

இனிக் கார்டைப் பற்றி. ஏஎக்ஸ்210இன்ர முழுப் பெறுமதியும் எனக்கு இந்த ஒரு விசயத்திலதான்: டிரைவர் கேர்னலுக்குள்ளயே இருக்கு. கேர்னல் 5.10இல இருந்து ஆதரவு உண்டு, அது 2020 டிசம்பரில வந்தது. உபுண்டு 22.04, 24.04, லினக்ஸ் மின்ட் 21, 22, டெபியன் 12 எது போட்டிருந்தாலும் நீங்கள் ஒண்டும் பூட்டத் தேவையில்லை, டெபியன் 12இல இருந்து இன்ஸ்டோலரோடயே பேர்ம்வேரும் (கார்டுக்குள்ள ஓடுற மென்பொருள்) வருது. பழைய உபுண்டு 20.04ஐ முதல் வந்த 5.4 கேர்னலோடயே வச்சிருக்கிற ஆக்கள் முதல் கேர்னலை ஏத்துங்கோ, இல்லாட்டி கார்டை லப்டொப் கண்டாலும் வேலை செய்யாது.

பெட்டியில வைபை 6ஈ, 2.4 கிகாபிட் வேகம் எண்டெல்லாம் போட்டிருக்கும். அந்த வேகம் வர 160 மெகாஹேர்ட்ஸ் அகலச் சனல் குடுக்கிற ரவுட்டர் வேணும், 6 கிகாஹேர்ட்ஸ் பாவிக்க 6ஈ ரவுட்டர் வேணும், விண்டோஸ் பக்கம் எண்டா விண்டோஸ் 11உம் வேணும், 10இல அது வராது. வீட்டுப் பைபருக்கு இதெல்லாம் தேவைக்கு மிஞ்சினது. நான் வேகத்துக்கு வாங்கேல்லை, அறாம இருக்க வாங்கினான்.

வாங்கேக்க கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒண்டு. ஏஎக்ஸ்210 வேற, ஏஎக்ஸ்211 வேற. இலக்கம் கூட எண்டவுடன 211ஐ நல்லது எண்டு நினைச்சு வாங்கிப் போடாதையுங்கோ. 211 கார்டின்ர வேலையில ஒரு பகுதி இன்டெல் ப்ரொசெசர், சிப்செட்டுக்குள்ளயே நடக்கும், அதுக்கு ஏத்த இன்டெல் லப்டொப்பிலதான் வேலை செய்யும், ஏஎம்டி லப்டொப்பில போட்டா ஒண்டுமே வராது. 210 தனிக் கார்டு, பிசிஐ எக்ஸ்பிரஸில ஓடும், ஏஎம்டிக்கும் சரி. அளவு 22க்கு 30 மில்லிமீற்றர், எம்.2 2230 எண்டு சொல்லுவினம். வந்தாப் பிறகு லினக்ஸில பிசிஐ பட்டியலை (லப்டொப்புக்குள்ள பூட்டியிருக்கிற கார்டுகளின்ர பட்டியல்) பாருங்கோ, 8086:2725 எண்ட இலக்கம் இருந்தாத்தான் ஏஎக்ஸ்210, 2723 எண்டு இருந்தா உங்களுக்குத் தந்தது ஏஎக்ஸ்200, அதுவும் நல்ல கார்டுதான், ஆனா வேற சாமான், குடுத்த காசு எதுக்கெண்டு கேளுங்கோ.

பூட்டுறதுக்கு டவுனில பஸ் ஸ்ராண்டில இருந்து நடக்கிற தூரத்தில இருக்கிற ஒரு சின்னத் திருத்தக் கடைக்குக் குடுத்தனான். அங்க இருக்கிற அண்ணை முதல் கேட்டது, "தம்பி, இந்த மொடல் வேற கார்டை ஏத்துக்கொள்ளுமோ எண்டு பாத்தனீங்களோ?" எண்டுதான். சரியான கேள்வி. சில பழைய லப்டொப்புகளில பயோஸுக்குள்ள (ஒன் பண்ணின உடன முதல் ஓடுற மென்பொருள்) ஒரு பட்டியல் இருக்கும், அதில இல்லாத கார்டைப் போட்டா ஒன் பண்ணேக்கயே எரர் காட்டி நிண்டுவிடும். நான் பாத்துத்தான் கொண்டு போனனான் எண்டு சொன்னாப் பிறகுதான் கழட்டத் தொடங்கினவர், எனக்கு அந்த நிதானம் நல்லாப் பிடிச்சுது. பின் மூடியைக் கழட்டி, பற்றரி வயரை எடுத்துவிட்டு, ஒரு ஆணியைக் கழட்டினா கார்டு கையில. கஷ்டம் அந்த ரெண்டு அன்ரனா வயரிலதான். நுனி கடுகு மாதிரி, நேரா வச்சு மேல இருந்து அமத்த வேணும், சரிச்சு அமத்தினா நெளிஞ்சுபோகும். "இதில அவசரப்பட்டா கார்டும் போச்சு, அன்ரனாவும் போச்சு தம்பி" எண்டு சொல்லிக்கொண்டே செய்தவர். ஒரு வயர் சரியா இருக்காட்டி வைபை வரும், ஆனா பக்கத்து அறைக்குப் போனவுடன அறும், அப்பிடி இருந்தா திரும்பக் கொண்டு போய்க் காட்டுங்கோ. கை நடுங்காத ஆக்கள் வீட்டிலயும் செய்யலாம், நான் கடைக்குக் குடுங்கோ எண்டுதான் சொல்லுவன்.

போட்டு ஒன் பண்ணின உடன உபுண்டுவில வைபை வந்திட்டுது, ஒரு கட்டளை கூட அடிக்கேல்லை. விண்டோஸ் பக்கத்துக்கு டிரைவரை முதலே பென் டிரைவில எடுத்து வச்சனான், நீங்களும் அப்பிடிச் செய்யுங்கோ. அதுக்குப் பிறகு கேர்னல் அப்டேட் வந்து வந்து போகுது, விடிய எழும்பி வைபை இருக்குமோ எண்டு யோசிக்கிற வேலை இல்லை. தங்கச்சி பக்கமும் ஒழுங்கா ஓடுது. புளூடூத்தும் இதே கார்டிலதான், ஹெட்செட் ரெண்டு பக்கமும் எடுக்குது, ஆனா ஒரு பக்கம் சோடி சேத்தது மற்றப் பக்கத்துக்குத் தெரியாது, திரும்பச் சேக்க வேணும், அது டுவல் பூட்டின்ர குணம், கார்டில பிழை இல்லை. புளூடூத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸிலதான் ஓடுது, அதால ஹெட்செட் போட்டுக்கொண்டு சூம் கதைக்கிற ஆக்கள் வைபையை 5இல வச்சா ரெண்டும் முட்டுப்படாது.

ஒரு குறை தெரிஞ்சு வாங்குங்கோ. லினக்ஸில இந்தக் கார்டை வச்சு 5 கிகாஹேர்ட்ஸில ஹொட்ஸ்பொட் குடுக்க ஏலாது, இன்டெல் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு ஏத்த மாதிரிக் கார்டுக்குள்ளயே கட்டுப்பாடு வச்சிருக்கு, 2.4இல மட்டும் குடுக்கலாம். லப்டொப்பில இருந்து மற்ற ஆக்களுக்கு நெட் பிரிச்சுக் குடுக்கிறதுதான் உங்கட முக்கிய வேலை எண்டா இது உங்களுக்கான கார்டு இல்லை. மற்றும்படி லப்டொப்போட வந்த கார்டுக்கு டிரைவர் வெளியால இருந்து போட்டு அவதிப்படுற ஆக்கள் ஆருக்கும் நான் முதல் சொல்லுறது இதைத்தான், புது லப்டொப் வாங்க யோசிக்கிற ஆக்கள் அதுக்கு முதல் இதைப் போட்டுப் பாருங்கோ.

மெல்லிசான புது லப்டொப்புகளில வைபை போர்டிலயே ஒட்டிக் கிடக்கும், கழட்ட ஏலாது. அவைக்கு யூஎஸ்பி டொங்கிள்தான் (வெளியால குத்துற சின்ன வைபைச் சாமான்) வழி, அதிலயும் பெட்டியில போட்டிருக்கிற வேகத்தைப் பாக்காம உள்ள இருக்கிற சிப்பைக் கேட்டு வாங்குங்கோ, மீடியாடெக் எம்டி7612யூ, எம்டி7921ஏயூ ரெண்டுக்கும் டிரைவர் கேர்னலுக்குள்ளயே இருக்கு, ரெண்டாவதுக்கு கேர்னல் 5.18 இல்லாட்டி அதுக்கு மேல வேணும்.