கடுமையான கண் வறட்சி: சிகிச்சைகளுடன் என் நீண்டகால அனுபவம்

உடலின் நோய் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயால் வந்த கடுமையான கண் வறட்சிக்குப் பல ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்று வருகிறேன். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு முதல் ஸ்க்லீரல் லென்ஸ் என்ற வகைக் கான்டாக்ட் லென்ஸ் வரை பலவற்றை நீண்டகாலம் பயன்படுத்தியவள் என்ற முறையில், எனக்கு எது எந்த அளவுக்கு உதவியது என்பதை எழுதுகிறேன். எந்த மருந்தை எந்த வரிசையில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தெரிய வேண்டியது வறட்சியின் வகை. இமை ஓரத்திலுள்ள மெய்போமியன் சுரப்பிகள் அடைபட்டு, கண்ணீரின் மேல் படரும் எண்ணெய்ப் படலம் குறைந்து, இருக்கிற நீர் விரைவில் ஆவியாவது ஒரு வகை. நீரே போதிய அளவு சுரக்காதது இன்னொரு வகை. கீழ் இமைக்குள் ஒரு வடிதாள் பட்டையை மடித்துச் செருகி, 5 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பதுதான் ஷிர்மர் பரிசோதனை. 5 மி.மீ.க்கும் குறைவாக நனைந்தால் கடுமையான வறட்சி என்று கொள்வார்கள். என் வலது கண்ணில் 2 மி.மீ. மட்டுமே நனைந்தது; அதாவது, நீர் சுரக்காத வகை என்னுடையது. எண்ணெய்க் குறைபாடு உள்ளவர்களுக்குக் கைகொடுக்கும் வெந்நீர் ஒத்தடமும் இமை மசாஜும் எனக்கு ஓரளவே உதவியதற்குக் காரணம் இதுதான்.

செயற்கைக் கண்ணீரை ஒரு நாளில் பலமுறை விடுபவர்கள், அதில் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பிரிசர்வேட்டிவ் (மருந்தில் கிருமி வளராமல் தடுக்கச் சேர்க்கும் பொருள்) இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். எப்போதாவது விடுபவருக்குப் பெரிய சிக்கல் தராத இந்த வேதிப்பொருள், அடிக்கடி விடும்போது ஏற்கெனவே புண்பட்டிருக்கும் கருவிழியின் மேற்பரப்பை மேலும் சிதைக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிறு குப்பிகளுக்கு மாறியபோதுதான் மருந்து விட்டவுடன் வரும் எரிச்சல் எனக்குக் குறைந்தது. விலை கூடுதல்தான், இருந்தாலும் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பிரிசர்வேட்டிவ் இல்லாத மருந்தைத் திறந்து வைத்து நாள்கணக்கில் பயன்படுத்துவதும் ஆபத்தானது. தமிழ்நாட்டில் தயாரான செயற்கைக் கண்ணீருடன் தொடர்புடைய சூடோமோனாஸ் கிருமித் தொற்றால் 2023இல் அமெரிக்காவில் சிலர் பார்வையையும் சிலர் உயிரையும் இழந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

அடுத்தது சைக்ளோஸ்போரின். உறுப்பு மாற்று சிகிச்சையில் பயன்பட்டு வந்த இம்மருந்தின் 0.05 சதவீதச் சொட்டு வடிவத்துக்கு 2002இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்கும் அழற்சியை இது அடக்குவதால் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். விட்டவுடன் கண் எரியும். அந்த எரிச்சலைப் பார்த்து, ஒத்துக்கொள்ளவில்லை என்று பாதியில் நிறுத்திவிடுபவர்களுக்காக வருந்துகிறேன். தொடக்கத்தில் சில வாரங்கள் மென்மையான ஸ்டீராய்டு சொட்டையும் சேர்த்துத் தந்தது எனக்கு அந்தக் கட்டத்தைத் தாண்ட உதவியது. ஆனால் ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை உயர்த்தக்கூடியது என்பதால் மருத்துவர் கண்காணிப்பில்லாமல் அதைத் தொடரவே கூடாது. அழற்சி தணிந்த பிறகே கண்ணீர் வடியும் துளைகளில் சிலிக்கோன் அடைப்பான் வைத்தார்கள். அந்த வரிசை சரியானது. அழற்சிப் பொருள்கள் நிறைந்த கண்ணீரைக் கண்ணுக்குள்ளேயே தேக்கி வைப்பதால் நன்மையில்லை.

எனக்கு மிகப் பெரிய மாற்றத்தைத் தந்தது என் சொந்த இரத்தத்திலிருந்து தயாரித்த சீரம் சொட்டு. இரத்தத்தை எடுத்து, உறையவிட்டு, சுழற்றிப் பிரித்த சீரத்தை உப்புநீர்க் கரைசலில் 20 சதவீதமாக நீர்த்துச் சிறு குப்பிகளில் அடைத்துத் தருகிறார்கள். செயற்கைக் கண்ணீரில் இல்லாத வளர்ச்சிக் காரணிகளும் வைட்டமின் ஏ-யும் இதில் இருக்கின்றன. கருவிழியில் இழை இழையாகச் சளி ஒட்டிக்கொண்டு, காலையில் இமையைத் திறக்கும்போது தோலோடு பிய்த்து இழுப்பதுபோல வலித்த நிலை, சீரம் தொடங்கிய சில வாரங்களில் வெகுவாகக் குறைந்தது. ஆனால் இதைப் பராமரிப்பது எளிதல்ல. பயன்பாட்டில் உள்ள குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியிலும் மற்றவற்றை ஃப்ரீசரிலும் வைக்க வேண்டும். கோடையில் நீண்ட மின்வெட்டு வந்தால் அந்தக் குப்பிகளைப் பற்றிய கவலைதான் எனக்கு முதலில் வரும். வெளியூர்ப் பயணங்களில் ஐஸ் கட்டிகள் வைத்த சிறு பெட்டி எப்போதும் என்னுடன் இருக்கும்.

ஸ்க்லீரல் லென்ஸ் கருவிழியைத் தொடாமல் வெள்ளை விழியின் மேல் அமர்ந்து, தனக்கும் கருவிழிக்கும் இடையே நீரைத் தேக்கி வைக்கிறது. கிண்ணம் போன்ற லென்ஸில் பிரிசர்வேட்டிவ் இல்லாத உப்புநீரை நிரப்பி, முகத்தைத் தரைக்கு நேராகக் கவிழ்த்து, காற்றுக்குமிழி புகாமல் பொருத்தப் பழக வேண்டும். குமிழி இருந்தால் கழற்றி மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். குழாய்த் தண்ணீர் ஒருபோதும் அதில் படக் கூடாது. பிற்பகலில் பார்வை மங்கும்போது கழற்றி நீரை மாற்றுகிறேன். வெளிச்சத்தைக் கண்டாலே கூசிய கண்களோடு வெயிலில் நடக்க முடிகிறது என்பதால் இந்தச் சிரமம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. இதில் சிறப்புப் பயிற்சி பெற்ற மருத்துவமனைகளிலேயே இதைப் பொருத்திக்கொள்ள வேண்டும். சென்னை சங்கர நேத்ராலயாவிலும் ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்திலும் இவ்வகை லென்ஸ் சிகிச்சை உண்டு.

ஒமேகா-3 மாத்திரையால் எனக்குக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. கண் வறட்சி பற்றி 2018இல் வெளியான ட்ரீம் ஆய்விலும் அது, ஒப்பீட்டுக்காகத் தரப்பட்ட ஆலிவ் எண்ணெயைவிடச் சிறப்பாகச் செயல்படவில்லை. மின்விசிறியை முகத்துக்கு நேராக வைக்காமல் கால் பக்கம் திருப்பியதே எனக்கு அதைவிட அதிகம் உதவியது.

கண் வறட்சியோடு வாய் உலர்தல், மூட்டு வலி, தீராத அசதி, அடிக்கடி பல் சொத்தை ஆகியவையும் இருப்பவர்கள் கண் மருத்துவரிடம் மட்டும் காட்டிவிட்டு நின்றுவிட வேண்டாம். ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு, தன்னெதிர்ப்பு நோய்களுக்கான மருத்துவர்) ஒருவரைப் பார்த்து, ஷோக்ரன் நோயைக் கண்டறிய உதவும் ஆன்டி-ரோ, ஆன்டி-லா இரத்தப் பரிசோதனைகள் தங்களுக்குத் தேவையா என்று கேளுங்கள். சளிக்கும் ஒவ்வாமைக்கும் வாங்கிப் போடும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகள் உட்பட, நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் உடன் கொண்டு செல்லுங்கள். அவற்றில் சில கண்ணீரைக் குறைக்கக்கூடியவை.