குலி லோச்: ஐந்து வருஷம் வளர்த்தவனின் புலம்பல்

கிள்ளானில் இருக்கும் நண்பன் வாட்சாப்பில் ஒரு படம் அனுப்பி, "இதை வாங்கலாமாடா? பார்க்க நல்லா இருக்குமா?" என்று கேட்டிருந்தான். மஞ்சளும் கருப்புமாகப் பட்டை போட்ட, பாம்பு மாதிரி நெளியும் சின்ன மீன், குலி லோச். நல்லாத்தான் இருக்கும், கண்ணில் பட்டால்.

2020-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை கொஞ்சம் தளர்ந்த சமயத்தில், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஆளாளுக்கு மீன் தொட்டி வைத்தார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் ஃபிளாட் வரவேற்பறையில் மூன்றடித் தொட்டி. மேலே ராஸ்போரா என்ற சின்ன மீன்கள், கீழே இந்த லோச் எட்டு. எட்டு என்பது வாங்கிய கணக்கு. இப்போது எத்தனை என்று கேட்டால் எனக்குத் தெரியாது, இந்தப் புலம்பலே அதைப் பற்றியதுதான்.

அளவு, தீனி, எத்தனை லிட்டர் தொட்டி என்பதெல்லாம் தேடினால் கிடைக்கும். எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் வளரும், ஆறுக்குக் குறையாமல் விட வேண்டும், நம் ஊர்ச் சூட்டுக்கு ஹீட்டர் வேண்டியதில்லை. அதோடு விடுகிறேன். நான் சொல்ல வந்தது ஃபில்டரைப் பற்றி.

போன மாதம் கேனிஸ்டர் ஃபில்டர், அதாவது தொட்டிக்கு வெளியே ஹோஸ் மாட்டி வைக்கும் டப்பா ஃபில்டர், கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. இம்பெல்லர் என்ற தண்ணீர் தள்ளும் விசிறி சுற்றும் செராமிக் கம்பி உடைந்திருக்கும் என்று தெரியும். வால்வை மூடி, தண்ணீரோடு அப்படியே தூக்கிக்கொண்டு ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு கடைக்குப் போனேன். வேலை கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன் கிளிப்பைத் தட்டி மூடியைக் கழற்றினான், கூடைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தான். கடைசிக் கூடையை எடுத்ததும் இரண்டடி பின்னால் குதித்து, "அண்ணே, உள்ளே பாம்பு இருக்கு!" என்று கத்தினான்.

"பாம்பு இல்லை தம்பி, மீன்."

"மீன் எதுக்குண்ணே ஃபில்டருக்குள்ள விட்டீங்க?"

இந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல?

அடியில் தேங்கிய பழுப்புச் சகதியில் நான்கு லோச்சுகள் நெளிந்தன. மெலிந்துபோயா? இல்லை. தொட்டியில் இருப்பவற்றைவிடக் கொழுத்து, பட்டைகள் பளிச்சென்று இருந்தன. உறிஞ்சு குழாயின் இடுக்கு வழியாக நுழைந்து, ஹோஸில் இறங்கி, கேனிஸ்டரின் அடியில் குடியேறியிருக்கின்றன. இந்த வகை ஃபில்டரில் தண்ணீர் கீழிருந்து கூடைகளைத் தாண்டி மேலே வரும். இம்பெல்லர் உச்சியில் இருக்கும். அதனால் விசிறியில் சிக்கிச் சாகவில்லை. உள்ளே கும்மிருட்டு, ராஸ்போராவின் தொந்தரவு கிடையாது, மிஞ்சிய தீனி தானாக வந்து சேர்கிறது. நான் பார்த்துப் பார்த்து வாங்கி வைத்த மரக்கட்டை, தேங்காய் ஓட்டுக் குகை எதுவும் இந்த மகாராஜாக்களுக்கு ஆகவில்லை.

குழாய் முனையில் ஸ்பஞ்சு மாட்டித்தான் வைத்திருந்தேன். வாரா வாரம் பிழிந்து மாட்டியதில் அதன் வாய் லேசாகத் தளர்ந்திருக்கிறது. தளர்ந்தது எனக்குத் தெரியவில்லை, அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது இறால் வளர்ப்பவர்கள் போடுகிற எவர்சில்வர் வலைக் குழாய் மாட்டியிருக்கிறேன். அது நாலு நாளில் அடைத்துக்கொள்கிறது, தண்ணீர் ஓட்டம் குறைகிறது, பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்க வேண்டியிருக்கிறது. மீன் உள்ளே போகவில்லை, சரி. ஆனால் அந்த வேலை என் தலையில். எந்த ஃபில்டர் வாங்கினாலும் இந்த மீனுக்கு முன்னால் இதே கதைதான், அதனால் ஃபில்டர் செய்தவரைக் குறை சொல்ல மாட்டேன்.

எனக்குப் பெரிய எரிச்சல் ஃபில்டர்கூட இல்லை, எண்ண முடியாததுதான். எட்டில் ஒன்று செத்துப்போனால் எப்படித் தெரியும்? மற்ற மீன் என்றால் ஒதுங்கி நிற்கும், துடுப்பைச் சுருக்கும், தீனிக்கு வராது. இது என்றைக்குமே ஒதுங்கித்தான் இருக்கிறது. ஒருமுறை ராஸ்போராவுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தது. லோச்சுக்கும் வந்திருக்கிறதா என்று பார்க்கலாம் என்றால், டார்ச் அடித்துத் தேடியும் ஒரு வால் நுனிதான் தெரிந்தது. இதற்குச் செதில் மிகப் பொடியாக இருக்கும், தலையில் அதுவும் கிடையாது. அதனால் மருந்து வேகமாக உடம்பில் இறங்கிவிடும். மாலகைட் கிரீன் என்ற மருந்தைப் பாதி அளவு ஊற்றுவார்கள். செம்பு கலந்த மருந்து ஆபத்து, உப்பையும் அள்ளிப் போடக்கூடாது. நோய் இருக்கிறதா என்றே தெரியாத மீனுக்காக, நோய் இருக்கிற மீனுக்கு அரை வைத்தியம் பார்த்தேன். ராஸ்போராவில் இரண்டு போயின. லோச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் வேறு. "என்னங்க, கீழே மீனே இல்லையே, செத்துப்போச்சா?" தீபாவளிக்கு வந்த உறவினர்களில் பாதிப் பேர் கேட்டார்கள். என் மனைவி, "இருக்குங்க, அவருக்கு மட்டும் தெரியும்" என்று ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே சொல்வார்.

விற்ற தவுக்கே, அதாவது கடை முதலாளி, என்ன சொன்னார் தெரியுமா? "இது அடியை கிளீன் பண்ணும் பாஸ், பாசியெல்லாம் சாப்பிடும்." இந்தப் பொய்யை இன்றும் பல கடைகளில் சொல்கிறார்கள். பாசி இதற்குத் தீனியே இல்லை, மற்ற மீனின் கழிவும் இல்லை. மணலை வாயில் அள்ளி, அதிலிருக்கிற பொடிப் புழுவை எடுத்துக்கொண்டு மீதியைச் செவுள் வழியாக உதிர்க்கும். விளக்கை அணைத்த பிறகு, மூழ்கும் வில்லைத் தீனியோ உறைந்த இரத்தப்புழுவோ போட வேண்டும். வெளிச்சத்தில் போட்டால் மேலே இருப்பவை முடித்துவிடும்.

அந்த மணல் சல்லடையைக் கிட்டத்தில் பார்த்தால் கோபம் கொஞ்சம் இறங்கும். வாயைச் சுற்றி மீசை மாதிரி குட்டி உணர்நீட்சிகள், அவற்றால் தரையைத் தடவிக்கொண்டே வரும். ஓரிடத்தில் நின்று மூக்கைக் குத்தி, கண்வரைக்கும் புதைத்து, இரண்டு கன்னத்திலும் மணல் மெல்லிய கோடாகக் கொட்டும். அதற்காகவே சன்ன மணல் வேண்டும். கூர்மையான கல்லைப் பரப்பினால் அந்த மீசை தேய்ந்துபோகும், அப்புறம் தீனி தேடத் திண்டாடும். மதுரைப் பக்கத்து அயிரையும் இந்த வம்சம்தான். அதுவும் மண்ணைத் தின்று மண்ணிலேயே கிடப்பதால், அங்கே உயிரோடு பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்துத்தான் குழம்பு வைப்பார்கள். என் மாமியார் மதுரைக்காரர். தொட்டியை முதல் தடவை பார்த்ததுமே, "மாப்பிள்ளை, இத்தனூண்டு வளர்த்து என்ன பண்ணப் போறீங்க, ஒரு சட்டிக்குக்கூடக் காணாதே" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் எட்டும் வெளியே வந்து விளையாடின. அவர் பார்த்தார், நான் வேலையில் இருந்தேன்.

மழைதான் இந்த மீனின் நல்ல நேரம். கோலாலம்பூரில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்து இடி இடிக்கத் தொடங்கும் பாருங்கள், அதற்குச் சற்று முன்னால் இவை வெளியே வந்து கண்ணாடியோரம் மேலும் கீழுமாகப் பாய ஆரம்பிக்கும். காற்றழுத்தம் குறைவதை உணர்கின்றன என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். ஐரோப்பாவில் இதன் உறவுக்கார மீனுக்கு வானிலை மீன் என்றே பேர். மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு, உடம்பைச் சுருள் சுருளாக்கிக் கீழே விழும், மறுபடி ஏறும். லோச் வகைகளில் பலவற்றுக்குக் குடலாலும் மூச்சு விடத் தெரியும். ஃபில்டர் டப்பாவுக்குள் கடைவரைக்கும் உயிரோடு போய்ச் சேர்ந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். மொட்டை மாடியில் துணி காய்கிறது என்று எங்களுக்கு ஞாபகப்படுத்துவது இப்போது இவைதான். இந்தச் சேவைக்கு மட்டும் முழு மதிப்பெண் தருகிறேன்.

இரவில் பார்க்க வேண்டுமென்றால் டார்ச் முகத்தில் சிவப்பு ஜெலட்டின் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள், ஓடி ஒளியாது. முட்டை வைத்த பெண் மீனின் வயிற்றில் பச்சை நிறம் தோல் வழியாகத் தெரியும். நானும் பார்த்திருக்கிறேன், அதற்குமேல் ஒன்றும் நடக்காது என்று நினைத்திருந்தேன். ஏனென்றால் வீட்டுத் தொட்டியில் இது குஞ்சு பொரிப்பது அபூர்வம். அன்று கடையில் அந்தப் பையன் ஸ்பஞ்சைப் பிழியப் போனவன் நிறுத்தி, விரலில் ஒன்றைக் காட்டினான். ஊசியில் கோக்கும் நூலின் தடிமன், அதே பட்டைகள், கண் மட்டும் கருப்புப் புள்ளியாக. நான் வாங்காத ஒன்பதாவது. கம்பி மாற்ற வந்த வேலையை மறந்து நாங்கள் மூன்று பேரும் அதைப் பிளாஸ்டிக் குவளையில் விட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்காரர் கூலிகூட வாங்கவில்லை, கம்பியின் விலை மட்டும்.

இந்த மீனுக்குக் குலி என்ற பெயர் வந்தது ஹைன்ரிக் கூல் என்ற ஜெர்மானிய விலங்கியலாளரால். 1821-இல் ஜாவாவில் 23 வயதில் இறந்துபோனார். 1846-இல் வலென்சியென் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் அவர் பெயரைச் சூட்டினார். அந்த அசல் குலி ஜாவா மீன். கடைகளில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பங்கியோ செமிசிங்க்டா, 1940-இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது, நம் தீபகற்பத்திலேயே ஓடுகிற மீன். உள்ளூர்க்காரன்தான், ஆனாலும் இத்தனை கூச்சம். ராஜா மூசா சதுப்புக் காட்டுப் பக்கம் போயிருப்பவர்கள் சாயத் தண்ணீர் நிறத்தில் ஓடும் அந்த வாய்க்கால்களைப் பார்த்திருப்பார்கள். இலை ஊறிய, மென்மையான, புளிப்பேறிய தண்ணீர். இதற்குப் பிடித்தது அதுதான். அதற்காகக் கடையில் பாக்கெட் போட்டு விற்கும் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலைக்குக் காசு கொடுக்காதீர்கள். ஃபிளாட் கார் நிறுத்துமிடத்தில் அந்த மரம்தான் நிற்கிறது. தானாக உதிர்ந்து காய்ந்த இலையாகப் பொறுக்கி, கழுவிப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: டெங்கிக்குப் புகை அடித்த வாரத்தில் அந்த இலையைத் தொடாதீர்கள். அந்த மருந்து மீனுக்கு விஷம். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தி, ஏர் பம்பை நிறுத்தி, தொட்டிமேல் ஈரத் துண்டைப் போட்டுவிடுங்கள். பம்பு ஓடிக்கொண்டிருந்தால் அறைக் காற்றை நேராகத் தண்ணீருக்குள் இறைத்துவிடும். தண்ணீர்த் தடை காலத்தில் தொட்டித் தண்ணீரை மாற்றாமல் தீனியைக் குறைத்தால் போதும். 2020 செப்டம்பரில் ஆற்றில் கழிவு கலந்து கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கக் குழாய் வறண்டபோது நாங்கள் வாளிக்கு அலைந்தோம், தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்ப வந்த முதல் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் ஓடவிட்டு, அப்புறம் குளோரினை நீக்கும் ஆண்டி குளோரின் போட்டு ஊற்றினேன்.

இடம் மாற்றப் பிடிக்க வேண்டியிருந்தால் வலையைத் தொடாதீர்கள். கண்ணுக்குக் கீழே சின்ன முள் ஒன்று இருக்கிறது, பயந்தால் அதை நிமிர்த்தும், வலையில் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் மீனுக்குத்தான் காயம். ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டை இரவில் போட்டு வையுங்கள், காலையில் உள்ளே படுத்திருக்கும், இரண்டு முனையையும் விரலால் அடைத்துத் தூக்கிவிடலாம். தொட்டிக்கு இடுக்கில்லாத மூடியும் வேண்டும், இல்லையென்றால் காலையில் தரையில் காய்ந்து கிடக்கும்.

ஆக நண்பனுக்கு: வாங்காதே. உன் தொட்டியில் வெள்ளைக் கல், பளீர் எல்.இ.டி., ஹால் நடுவில் வைத்து வருகிறவர்களுக்குக் காட்டப் பார்க்கிறாய். உனக்குக் கோரிடோராஸ் என்ற அடிமட்ட மீன் போதும், அது வெளிச்சத்தில் வந்து நிற்கும். ஒரு மீன் மூன்று, நான்கு வெள்ளிதானே (ரிங்கிட்) என்று ஆறு வாங்கிவிட்டு, பிறகு எனக்கு போன் போட்டுப் புலம்பாதே. ஐந்துக்கு இரண்டரைதான் தருவேன், அந்த அரையும் மழைக்காக.

அப்படியும் கேட்கமாட்டேன் என்றால் அந்த ஜாலான் ஈப்போ கடையில் இந்த வாரம் புது வரத்து இறங்கியிருக்கிறது. எனக்கு ஆறு ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன், அதில் கை வைக்காதே.