டெல்ஃபியா, ஒலிம்பியாவா? வழிகாட்டி இல்லாமல் போகிறவர்களுக்கு

ஏதென்ஸில் அக்ரோபோலிஸைப் பார்த்தாயிற்று, இன்னும் ஒரே ஒரு பழைய கிரேக்கத் தலத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், கேள்வி பெரும்பாலும் அப்பல்லோ தெய்வத்திடம் குறி கேட்கப் போன டெல்ஃபி அல்லது பண்டைய ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியா என்று வந்து நிற்கும். இரண்டும் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. டெல்ஃபி 1987இலும் ஒலிம்பியா 1989இலும் சேர்ந்தன. இரண்டு ஊரிலும் இடிபாடுகளும், அங்கே தோண்டி எடுத்தவற்றை வைத்திருக்கும் அருங்காட்சியகமும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே டிக்கெட்டில் எல்லாவற்றையும் பார்க்கலாம். டெல்ஃபிக்கு முன்பே ஒரு பகல் போய் வந்திருந்தேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி கிரீஸ் போனபோது, ஏதாவது ஒன்றுதான் என்ற நிலை வந்தது. ஒலிம்பியாவைத் தேர்ந்தெடுத்தோம். இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

தூரத்தில் டெல்ஃபிதான் ஜெயிக்கும். ஏதென்ஸின் லியோசியோன் பஸ் நிலையத்தில் ஏறினால், அராஹோவா வழியாகச் சுமார் மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடலாம். காலையில் கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஒலிம்பியா இருப்பது பெலொப்பொனீஸ் என்ற தெற்குத் தீபகற்பத்தின் மேற்குக் கோடியில். கிஃபிஸோஸ் நிலையத்தில் பீர்கோஸ் பஸ் பிடித்து, பீர்கோஸில் இறங்கி உள்ளூர் பஸ்ஸுக்கோ டாக்சிக்கோ மாற வேண்டும். எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் ஆகிவிடும். ஓர் இரவு தங்காமல் ஒலிம்பியாவைப் பார்க்கக் கிளம்புவது உடம்பைப் படுத்துவதுதான்.

நடையில் ஒலிம்பியா ஜெயிக்கும். டெல்ஃபி பர்னாசஸ் மலைச் சரிவில் தொங்குகிற ஊர். நுழைவாயிலிலிருந்து அப்பல்லோ கோயில், அதற்கு மேலே அரங்கம், இன்னும் மேலே ஓட்டப் பந்தய மைதானம் என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். நிழல் குறைவு. ஒலிம்பியா ஆல்ஃபியோஸ், கிளாதியோஸ் என்ற இரண்டு ஆறுகள் சேரும் சமதரை. பைன், ஆலிவ் மரங்களுக்கு நடுவே நடக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் கூட வந்தால் இந்த ஒன்றே முடிவு செய்துவிடும்.

ஆனால் நான் ஒலிம்பியா பக்கம் சாய்வது இதற்காக இல்லை.

வழிகாட்டி இல்லாமல் போகிறவருக்கு உண்மையான சிக்கல் வேறு. இடிபாட்டில் நிற்கும்போது கண்ணில் படுவது அடித்தளமும், விழுந்த கல்லும், புல்லும்தான். அங்கே நின்ற சிலை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கும் விளக்குக்கும் நடுவே இருக்கிறது. இந்தக் கல்லையும் அந்தச் சிலையையும் நம் மனத்துக்குள் சேர்த்து வைப்பதுதான் நல்ல வழிகாட்டி செய்கிற வேலை. அவர் இல்லையென்றால் அந்த இடமே நமக்கு அதைச் செய்து கொடுக்க வேண்டும். ஒலிம்பியா செய்து கொடுக்கிறது. அதற்கு ஒரு காரணம், அங்கே சேர்த்துப் பார்க்க வேண்டிய பொருள்கள் குறைவு, ஒவ்வொன்றும் பெரியது, ஒவ்வொன்றுக்கும் தரையில் தெளிவான இடம் உண்டு.

கிரேக்கக் கடவுள்களின் அரசனான ஜீயஸின் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் முதல் பாதியில், லிபோன் என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர் கட்டியது. நிலநடுக்கங்களில் விழுந்துவிட்டது. சுமார் பத்து மீட்டர் உயரத் தூண்கள் விழுந்த வாக்கிலேயே கிடக்கின்றன, வாழைத்தண்டை வில்லை வில்லையாக அரிந்து சாய்த்து வைத்தது போல. 2004இல் ஒரே ஒரு தூணை மட்டும் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஒன்றை அண்ணாந்து பார்த்துவிட்டு மற்றவற்றைப் பார்த்தால் கோயிலின் அளவு பிடிபட்டுவிடும். கிட்டே போய்க் கல்லைப் பாருங்கள். பளிங்கு கிடையாது, சிப்பிகள் பதிந்த கரடுமுரடான உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல். மேலே வெள்ளைச் சாந்து பூசிப் பளிங்கு போலக் காட்டியிருந்தார்கள். சாந்து போய்ச் சிப்பி தெரிகிறது.

இந்தக் கோயிலின் சிற்பங்கள் அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் இருக்கின்றன. கூரைக்குக் கீழே வரும் முக்கோண முகப்புகள் இரண்டு. கிழக்கு முகப்பின் உருவங்கள் ஒரு நீளச் சுவரில், மேற்கு முகப்பின் உருவங்கள் எதிர்ச்சுவரில், கோயிலில் இருந்த அகலத்துக்கே வரிசையாக. நடுவில் நின்றால் கோயிலின் இரண்டு முகங்களும் நம்மை இரண்டு பக்கமும் பார்க்கின்றன. கிழக்கே, புராணத்தில் வரும் பெலோப்ஸ் என்ற இளைஞனுக்கும் ஓய்னோமாவோஸ் என்ற அரசனுக்கும் நடந்த தேர்ப் பந்தயம் தொடங்குவதற்கு முந்தைய கணம். அதில் ஒரு கிழவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார், நடக்கப்போவதை முன்கூட்டியே அறிந்த குறிசொல்பவர். முன்தலை வழுக்கை, வயிறு மடிந்து சரிந்திருக்கிறது, ஒரு கையைக் கன்னத்தருகே கொண்டுபோயிருக்கிறார். சுற்றி நிற்பவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அந்த முகத்தில் இருக்கிறது. அப்பா அவர் முன்னாலிருந்து நகரவே இல்லை. மேற்கே கல்யாண வீட்டில் புகுந்து பெண்களை இழுக்கும் சென்டார்கள் (பாதி மனிதன், பாதி குதிரை), நடுவில் வலக்கையை நீட்டி நிற்கும் அப்பல்லோ. புராண வீரன் ஹெராக்ளிஸின் பன்னிரண்டு சாகசப் பலகைகளும் அதே கூடத்தில்தான். 1829இல் பிரெஞ்சுக்காரர்கள் தோண்டி எடுத்த சில துண்டுகள் பாரிஸின் லூவரில் இருப்பதால், அந்த இடங்களில் வார்ப்புப் பிரதிகள் வைத்திருக்கிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு இடிபாட்டுக்குப் போனால், கிழக்குப் பக்கம் நின்றதும் மேலே யார் இருந்தார்கள் என்று தானாக நினைவு வரும். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து நிக்கே. பேயோனியோஸ் செதுக்கிய வெற்றித் தேவதை, கி.மு. 420ஐ ஒட்டியது. வானத்திலிருந்து இறங்கும்போது ஆடை காற்றில் உடம்போடு ஒட்டிப் பின்னால் பறக்கிற மாதிரி. சிலை உள்ளே; அது நின்ற உயரமான முக்கோணப் பீடத்தின் அடிப்பகுதி வெளியே, ஜீயஸ் கோயிலின் கிழக்கே, இன்னும் இருக்கிறது. முக்கோணப் பீடம் என்பதால் தேடிக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை.

ஹெர்மிஸ் சிலையின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இங்கே வந்து சுற்றிப் பார்த்து எழுதிவைத்த பாசேனியாஸ், ஜீயஸின் மனைவி ஹெராவின் கோயிலுக்குள், குழந்தையாக இருக்கும் மதுக் கடவுள் டயோனிசஸை ஏந்திய தூதுக் கடவுள் ஹெர்மிஸின் சிலை ஒன்று உண்டு, ப்ராக்சிடெலிஸ் என்ற சிற்பி செய்தது என்கிறார். ஜெர்மானியர்கள் 1875இல் அகழாய்வைத் தொடங்கினார்கள். 1877இல் அதே கோயிலின் இடிபாட்டில் அந்தச் சிலை கிடைத்தது. ப்ராக்சிடெலிஸே செய்ததா, பிற்காலப் பிரதியா என்று அறிஞர்களுக்குள் வாக்குவாதம் உண்டு. இடத்தைப் பற்றி வாக்குவாதம் இல்லை. பாசேனியாஸ் எழுதியதில் ஒலிம்பியா வரும் பகுதியை மட்டும் ஃபோனில் ஏற்றிக்கொண்டு போங்கள். பதினெட்டு நூற்றாண்டுக்கு முன்னால் அதே பாதையில் நடந்தவரைவிட நல்ல துணை கிடைக்காது.

கடைசியாக, ஃபிடியாஸ் என்ற சிற்பியின் பட்டறை. உலக அதிசயங்கள் ஏழில் ஒன்று என்று சொல்லப்பட்ட, தங்கமும் தந்தமும் கொண்ட ஜீயஸ் சிலையை அவர் செய்தது இங்கேதான். சிலை போய்விட்டது, பட்டறை இருக்கிறது. பின்னால் அதைக் கிறிஸ்தவ ஆலயமாக மாற்றியதால் சுவர்கள் பிழைத்தன: கீழே பழைய கல், மேலே பிற்காலச் செங்கல். இங்கே கிடைத்த களிமண் அச்சுகளும், அடியில் ‘நான் ஃபிடியாஸுக்குச் சொந்தம்’ என்று கீறிய ஒரு சின்ன மண்பாத்திரமும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கூடத்தில் பெரிய சிற்பங்களைப் பார்த்த வேகத்தில் அந்தப் பாத்திரத்தைத் தவறவிட்டுவிடாதீர்கள். கையடக்கமான பொருள், அலமாரியில் அடக்கமாக இருக்கும்.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு ஓட்டப் பந்தய மைதானத்துக்குப் போகிற வழியில் இடப்பக்கம் வரிசையாகப் பீடங்கள் வரும். போட்டியில் ஏமாற்றியவர்களிடம் வாங்கிய அபராதத்தில் செய்த ஜீயஸ் வெண்கலச் சிலைகள் நின்ற பீடங்கள் அவை. ஓடப் போகும் ஒவ்வொருவரும் அதைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. கல் வளைவு வாயிலைத் தாண்டினால் மைதானம். தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோடு 192.27 மீட்டர். பார்வையாளர்களுக்குக் கல்லிருக்கை இல்லை, வெறும் மண்மேடு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குண்டெறிதல் போட்டியை இந்த மண்ணில்தான் நடத்தினார்கள்.

டெல்ஃபியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. இடத்தின் அழகில் ஒலிம்பியா அதன் பக்கத்தில் நிற்க முடியாது. பின்னால் செங்குத்துப் பாறை, கீழே இதேயா வரைக்கும் ஆலிவ் தோப்பு, அதற்கப்பால் கடல். தேரோட்டி வெண்கலச் சிலை ஒன்றுக்காகவே போகலாம். செப்பு உதடும், பதித்த கண்ணும், தனித்தனியாகத் தெரியும் இமை மயிரும் கொண்டு 1.8 மீட்டர் உயரத்தில் நிற்கிறான். சேர்த்துப் பார்க்கும் இன்பம் அங்கேயும் இல்லாமலில்லை. காணிக்கைகளை வைக்க ஏதென்ஸ்காரர்கள் கட்டிய சின்னக் கட்டடமான கருவூலம் 1900களின் தொடக்கத்தில் திரும்பக் கட்டி நிறுத்தப்பட்டு முழுதாக இருக்கிறது. அதன் தெற்குச் சுவரில் இசைக் குறிப்போடு வெட்டியிருந்த அப்பல்லோ துதிகள் அருங்காட்சியகத்தில் உள்ளன. கோயிலுக்குக் கீழே இருக்கும் பலகோணக் கல் சுவரில், அடிமைகளை விடுவித்த பத்திரங்கள் நூற்றுக்கணக்கில் பொடி எழுத்தில் வெட்டியிருக்கின்றன.

ஆனால் டெல்ஃபியில் பல நகரங்கள் போட்டி போட்டுக்கொண்டு காணிக்கை வைத்திருக்கின்றன. பாதையின் இரண்டு பக்கமும் கருவூலங்கள், பீடங்கள், சிலை மேடைகள் நெருக்கியடிக்கின்றன, பெரும்பாலானவற்றில் மிச்சம் அடித்தளம்தான். சிஃப்னோஸ் தீவினரின் கருவூலச் சிற்பப் பட்டை அருங்காட்சியகத்தில் பிரமாதமாக இருக்கிறது. வெளியே அதன் இடத்தில் பார்க்க ஒன்றுமில்லை. தேரோட்டியின் தேரும் குதிரைகளும் சில துண்டுகளாகத்தான் கிடைத்திருக்கின்றன. கி.மு. 373 நிலநடுக்கத்தில் புதைந்ததால்தான் அவனே பிழைத்தான். ஒவ்வொன்றையும் விளக்க ஆள் இருந்தால் டெல்ஃபி வாய் திறந்து பேசும். இல்லையென்றால் பலகையைப் படிப்பதும் ஏறுவதுமாகவே பகல் போய்விடும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். டெல்ஃபியில் நான் இருந்தது ஒரு பகல்தான், திரும்பும் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டே. அங்கே ஓர் இரவு தங்கி, காலையில் பஸ் கூட்டம் வருவதற்கு முன்னால் ஏறியவர்களுக்கு இந்தத் தராசு கொஞ்சம் மாறலாம். இரண்டு ஊரையும் நான் வெயில் காலத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒலிம்பியா என்று முடிவானால், வரிசை முக்கியம்: முதலில் அருங்காட்சியகம், பிறகு இடிபாடு. ஏதென்ஸில் காலை பஸ் பிடித்தால் பிற்பகலில் போய்ச் சேர்ந்துவிடலாம். கோடையில் இரண்டு இடமும் பொதுவாக மாலை 8 மணி வரை திறந்திருக்கும். வெயில் நேரத்தை அருங்காட்சியகத்தில் கழியுங்கள். நுழைந்ததும் முன்கூடத்தில் பழைய ஒலிம்பியாவின் மாதிரி அமைப்பு இருக்கிறது. அதை ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் மறுநாள் அதுவே வரைபடம். ஃப்ளாஷ் கூடாது. சிலைகளின் பக்கத்தில் நின்று அவற்றைப் போலவே கையைக் காலைத் தூக்கிப் படம் எடுக்கவும் விடமாட்டார்கள். மறுநாள் காலை 8 மணிக்குத் திறக்கும்போதே இடிபாட்டுக்குள் நுழைந்துவிடுங்கள். பக்கத்துத் துறைமுகமான கதாகோலோவில் கப்பல் வரும் நாள்களில், முற்பகலில் பஸ் பஸ்ஸாக ஆள்கள் வந்து இறங்குவார்கள். அதற்குள் மைதானத்தைத் தனியாகப் பார்த்துவிடலாம். ஒரே டிக்கெட் மறுநாளும் செல்லுமா என்று எடுக்கும்போதே கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள் என்று எண்ணியே தண்ணீரும் தொப்பியும் எடுத்துப் போங்கள்.

குளிர்காலத்தில் போகிறவர்கள் கவனிக்க: பிற்பகலிலேயே மூடிவிடுகிறார்கள், ஆகவே இந்த இரண்டு நாள் கணக்கு அப்படியே பொருந்தாது. நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். ஆனால் ஞாயிறன்று பீர்கோஸிலிருந்து பஸ் உண்டா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கையில் ஒரே ஒரு பகல்தான், ஏதென்ஸில் ஹோட்டலை மாற்றவும் முடியாது என்றால் தயங்காமல் டெல்ஃபி போங்கள், அங்கே உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். ஓர் இரவு ஒதுக்க முடியும், யார் தயவும் இல்லாமல் நம் கண்ணாலேயே பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் ஒலிம்பியா. திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் மிச்சமிருந்தால், ஊருக்குள் பழைய அருங்காட்சியகக் கட்டடத்தில் பண்டைய ஒலிம்பிக் விளையாட்டுகளின் வரலாற்றுக்கென்றே தனி அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கும் அதே டிக்கெட்தான்.