கமெண்டின் கடைசியில் புள்ளி: வைப்பதா, விடுவதா?

மொரீஷியஸின் எபேன் சைபர்சிட்டியில் எங்கள் மென்பொருள் குழு சின்னது. நிரலுக்குள் மனிதர் படிக்க எழுதும், கணினி கண்டுகொள்ளாத குறிப்பான கமெண்டுக்கு முற்றுப்புள்ளி வேண்டுமா என்ற சண்டை மட்டும் பெரிது. போன வாரம் நிரலில் செய்த 40 வரி மாற்றம் ஒன்றைச் சரிபார்த்தவர்கள் எழுதிய ஏழு ரிவ்யூ குறிப்புகளில் ஐந்து புள்ளியைப் பற்றியவை.

'வை' கட்சிக்குச் சட்டபலம் இருக்கிறது. கமெண்ட் முழு வாக்கியமாக இருக்கட்டும் என்கிறது பைத்தான் மொழியின் நடைக் கையேடான பெப் 8. கோ என்ற நிரல் மொழியில் ஆவணமாகவும் பயன்படும் டாக் கமெண்டும் அப்படித்தான். விளக்கப்படும் பெயரிலேயே தொடங்கவும் வேண்டும். நியாயம்தான். புள்ளியில்லாத மூன்று வரிக் கமெண்டைப் பார்த்தால், எழுதியவர் முடித்தாரா, பாதியில் டீ குடிக்கப் போய்விட்டாரா என்று தெரியாது.

'விடு' கட்சி நிரல் வரியின் ஓரத்தில் எழுதும் துண்டுக் குறிப்புகளைக் காட்டும். 'மில்லிசெகண்டில்' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் புள்ளி எதற்கு? கூகுளின் சி++ கையேடே வரியோரக் குறிப்புகளுக்குக் கொஞ்சம் தளர்வு தருகிறது.

மொரீஷியஸில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. உண்மையான வம்பு அதுதான். பிரெஞ்சில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, ஆச்சரியக்குறிக்கு முன்னால் இடைவெளி விடுவார்கள். பள்ளியில் பழகிய விரல் ஆங்கிலக் கமெண்டிலும் அதையே செய்கிறது. நான் திருத்தச் சொன்னபோது, "தப்பில்லை அண்ணா, பிரெஞ்சு வழக்கம்" என்றான் குழுவின் இளையவன். சரி, கமெண்டுக்குள் இருக்கும்வரை யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அவன் ஒரு மாதிரி நிரலை பிரெஞ்சு மொழிக்கு அமைத்திருந்த ஆவண மென்பொருளில் எழுதி, கமெண்டாக ஒட்டி வைத்திருந்தான். அது ஒவ்வொரு முக்காற்புள்ளிக்கு முன்னும் உடையாத இடைவெளி (அந்த இடத்தில் வரி முறியாமல் தடுக்கும் தனி எழுத்து) ஒன்றைச் சொருகியிருந்தது. பிறகொரு நாள், வரிகளின் தொடக்கத்தில் இருந்த கமெண்ட் குறியை எடுத்துவிட்டு, அதை நிரலாகவே ஓட்டினோம். அச்சிட முடியாத எழுத்து என்று பைத்தான் நின்றுவிட்டது. எங்கள் கண்ணுக்கு அது வெறும் இடைவெளி. அரை மணி நேரம் போனது.

இதெல்லாம் அற்பம் என்று இந்த ஊரில் சொல்லவும் முடியாது. 1998இல் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியதற்கு எழுந்த எதிர்ப்பில் நோட்டுகளையே திரும்பப் பெற்ற நாடு இது.

என் கட்சி: வாக்கியத்துக்குப் புள்ளி, துண்டுக்கு வேண்டாம், பிரெஞ்சு இடைவெளி கூடவே கூடாது. ஆனால் அதை மனிதர் சொல்ல வேண்டாம், நிரலைத் தானாகச் சோதித்துக் குறை காட்டும் லின்டர் சொல்லட்டும். கோ மொழியில் புள்ளி பார்க்கவென்றே கோடாட் என்றொரு லின்டர் இருக்கிறது. அதனிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பழைய ஃபைல்களை மட்டும் தொடாதீர்கள். ஒரு புள்ளி சேர்த்தாலும், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கிட் பிளேமில் அந்த வரி உங்கள் பெயருக்கு வந்துவிடும், அப்புறம் அதைப் பற்றிய கேள்வியெல்லாம் உங்களுக்குத்தான்.