எட்டு வாரப் பெட்டைகள் வாங்கிய பண்ணை: சீட்டு சரி, அறிவுரை சரியில்லை

கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் செல்லும் வழியில் உள்ள ஒரு நாட்டுக்கோழிப் பண்ணையில், எட்டு வாரம் கடந்த சிறுவிடை இனப் பெட்டைகள் ஆறு வாங்கினேன். சந்தையில் கூடையோடு விற்கப்படும் கோழிக்குப் பூர்வீகம் தெரியாது. இங்கோ ஏழாம் நாளும் 28ஆம் நாளும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான லசோட்டா சொட்டு மருந்து, ஆறாம் வாரம் அம்மைத் தடுப்பூசி, எட்டாம் வாரம் அதே வெள்ளைக்கழிச்சலுக்கான ஆர்2பி ஊசி எனத் தேதி எழுதிய சீட்டையும் தருகிறார்கள். கொட்டகையில் கூளம் உலர்ந்திருந்தது, கோழிகளின் கண்ணும் மூக்கும் தெளிவாக இருந்தன.

குறையெல்லாம் அறிவுரையில்தான். "எல்லா ஊசியும் போட்டாச்சு சார், இன்னிக்கு ராத்திரியே உங்க கோழியோட அடைச்சிடலாம்" என்றார் விற்றவர். சீட்டின்படி ஆர்2பி போட்டு மூன்றே நாள் ஆகியிருந்தது. அதன் முழுப் பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும் என்பதோடு, அது உயிருள்ள கிருமியால் ஆன மருந்து. ஊசி போட்ட கோழி அக்கிருமியைச் சில நாள் வெளியேற்றக்கூடும் என்பதால், என் தாய்க்கோழியோடு திரியும் பத்து நாள் குஞ்சுகளுக்கும் ஆபத்து. சளி நோய்க்கும் ரத்தக்கழிச்சலுக்கும் செள்ளுப் பூச்சிக்கும் அந்தச் சீட்டில் பதிலே இல்லை. சளியிலிருந்து தேறிய கோழி, பார்வைக்கு நன்றாக இருந்தபடியே கிருமியைச் சுமந்து திரியும்.

பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும் ஊர் என்பதால், கொல்லையின் மேற்கு மூலையில் தனிக் கூண்டு வைத்து 30 நாள் அடைத்தேன். பழைய கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே புதியவற்றிடம் சென்றேன். தண்ணீர்த் தட்டும் செருப்பும் தனி. (அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போன என் மகனோடு நடந்த வாக்குவாதம் வேறு கதை.) ஒன்பதாம் நாள் ஒரு பெட்டை தும்மத் தொடங்கியது, மூச்சில் கறகறவென்று சத்தம். பண்ணைக்குத் தொலைபேசியில் சொன்னபோது வண்டியில் வந்த களைப்பு என்றார்கள். கால்நடை மருத்துவரோ சளி நோய் என்றார். அதை உடனே பிரித்தேன், கடைசிவரை மந்தையில் சேர்க்கவே இல்லை. மீதி ஐந்தையும் அன்றிலிருந்து மறுபடி 30 நாள் எண்ணி வைத்தேன். இறுதி இரண்டு வாரம் என் பழைய பெட்டை ஒன்றை அவற்றோடு விட்டு, அதற்கு ஒன்றும் வராத பிறகே கதவைத் திறந்தேன்.

இன்னொரு குறை, பல வீடுகளுக்குப் போய்த் திரும்பும் பிளாஸ்டிக் கூடைகள். என் கையில் வந்ததில் காய்ந்த எச்சம் ஒட்டியிருந்தது. அடுத்த முறையும் அங்கேதான் வாங்குவேன், ஆனால் ஆர்2பி போட்டுப் பதினைந்து நாள் ஆனவற்றைக் கேட்டு, வீட்டிலிருந்து கழுவிய கூடையோடு போவேன்.