டிராவலர் கேம்பர்: கீழே இரும்பு, மேலே அலுமினியம்

ஃபோர்ஸ் டிராவலர் வேனில் படுக்கையும் கூரைக் கேரியரும் போட நினைத்துப் பட்டறைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "இரும்பா, அலுமினியமா, பிளைவுட்டா?" என்றுதான். கேள்வி சரிதான். ஆனால் இருக்கைக்கும் கேரியருக்கும் ஒரே பதில் கிடையாது. தரையோடு ஒட்டி உட்காரும் பத்து கிலோ, வண்டியின் ஓட்டத்தை அவ்வளவாக மாற்றாது. அதே பத்து கிலோ கூரைமேல் ஏறினால், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டீயரிங் பிடித்தவருக்குத் தெரியும்.

இருக்கையைத் தொடும் முன் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஓடும்போது உட்காரும் சீட் வேறு, வண்டி நின்றபின் உட்காரும் பெஞ்ச் வேறு. மோதலில் உடல் தன் எடையைப்போல 20 மடங்கு விசையோடு முன்னால் பாய்கிறது என்று வைத்தால், 70 கிலோ ஆள் பெல்ட்டை இழுப்பது 1,400 கிலோ விசையோடு. பெஞ்சில் அடித்த ஸ்க்ரூவோ, ஒரு மி.மீ. தரைத் தகட்டில் வெறும் வாசரோடு பூட்டிய போல்ட்டோ அதைத் தாங்காது. தகடு கிழிந்து போல்ட் மேலே வந்துவிடும். ஆகவே பயணிக்கும் ஒவ்வொருவருக்கும் கம்பெனி சீட்டும் கம்பெனி பெல்ட்டும் அதே இடத்தில் இருக்கட்டும். செய்துபோடும் பெஞ்ச் படுக்கவும் சாப்பிடவும் மட்டும். ஆர்.சி.யில் உள்ள சீட் எண்ணிக்கையையோ வண்டியின் அமைப்பையோ மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்குள் வருகிறது. பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேசிவிடுவது நல்லது. எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) சோதனை நாளன்று தெரிந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும்.

பெஞ்சின் எலும்புக்கூடு

6 அடி நீளம், 22 இஞ்ச் அகலம், 14 இஞ்ச் உயரம் என்று ஒரே அளவை மூன்று பொருளில் செய்து பார்ப்போம். மேலே 4 இஞ்ச் ஃபோம் வரும். உட்கார்ந்தால் ஓர் இஞ்ச் அமுங்கி, தரையிலிருந்து பதினேழு இஞ்சில் நிற்கும். முழங்காலுக்கு அது இதமான உயரம்.

18 மி.மீ. பிளைவுட்டில் பெட்டியாக அடித்தால் மேல்பலகை, முன், பின், நடுத்தடுப்புகள் எல்லாம் சேர்ந்து 8×4 ஷீட் ஒன்றை முழுசாகத் தின்றுவிடும். ஐ.எஸ். 710 தர (தண்ணீர் தாங்கும் மரைன் பிளை) ஷீட் ஒன்று 35 முதல் 40 கிலோ. வெட்டுவதும் பூட்டுவதும் எளிது, ஓட்டத்தில் சத்தமும் வராது. குறை முனைகளில்தான். பலகையின் விளிம்பில் ஏற்றிய ஸ்க்ரூ, வண்டி நடுங்க நடுங்கத் துளையைப் பெரிதாக்கிக்கொண்டு ஆறே மாதத்தில் கையோடு வரும். மூலைக்கு மூலை ஒன்றரை இஞ்ச் மரச்சட்டம் வைத்து, ஃபெவிகால் போட்டு, பலகையின் முகத்திலிருந்து சட்டத்துக்குள் ஸ்க்ரூ ஏற்றினால் அந்தச் சிக்கல் இல்லை.

ஆன்லைன் வீடியோக்களில் பளபளக்கும் 40×40 அலுமினிய டி-ஸ்லாட் பாரை (நீளவாக்கில் போல்ட் நுழையும் பள்ளம் உள்ள பார்) பலரும் எடை குறைவு என்று நம்பி வாங்குகிறார்கள். மீட்டருக்கு அது ஒன்றரை கிலோவுக்கு மேல் வரும். 25×25 மி.மீ., 16 கேஜ் (1.6 மி.மீ. கனம்) எம்.எஸ்., அதாவது சாதா இரும்பு, சதுர பைப் மீட்டருக்கு 1.18 கிலோதான். இந்த பெஞ்சுக்குச் சுமார் 13 மீட்டர் வேண்டும்: இரும்பில் 15 கிலோ, டி-ஸ்லாட்டில் 20 கிலோ, அதற்குமேல் பிராக்கெட்டுகள். டி-ஸ்லாட்டுக்கு வெல்டிங் தேவையில்லை, நினைத்தபோது பிரித்து மாற்றலாம் என்பது உண்மையான லாபம். இன்னும் வடிவம் முடிவாகாதவர்களுக்கு அது ஏற்றது. மற்றவர்களுக்குத் தேவையில்லாத செலவு.

எம்.எஸ். சட்டத்தின்மேல் 12 மி.மீ. பிளைவுட் போட்டால் மொத்தம் 24 கிலோவில் முடிகிறது. மூன்றில் இதுதான் எடை குறைந்தது, விலை குறைந்தது, தெருமுனை வெல்டிங் பட்டறையிலேயே பழுது பார்க்கக்கூடியது. 20 அடி பைப் மூன்று வாங்கினால் போதும். மிச்சம், பின்னால் சொல்லும் இழுப்புப் படுக்கையின் சட்டத்துக்கு உதவும்.

கெட்டுப்போவது வெல்டிங்கில். கிரில் கேட்டுக்கு ஓட்டும் பழக்கத்தில் 3.15 மி.மீ. வெல்டிங் ராடு எடுத்தால் 16 கேஜ் தகடு பொத்தல் விழும். அந்தப் பொத்தலை நிரப்ப மேலே மேலே ராடு உருக்கிப் பூசுவார்கள். வெளியே கனமாகத் தெரியும் அந்த மூட்டு உள்ளே வெறும் கசடு. 2.5 ராடு கேளுங்கள், மிக் (கம்பி ஊட்டும் வெல்டிங்) இருந்தால் இன்னும் நல்லது. முதலில் எல்லா மூலையிலும் புள்ளி மட்டும் வைத்து, குறுக்குக்குக் குறுக்கு டேப் பிடித்து இரண்டும் சமமா என்று பார்த்தபிறகு முழு வெல்டிங். பைப்பின் திறந்த முனைகளைத் தகடு வைத்து மூடச் சொல்லுங்கள். கிரைண்டிங் முடிந்த அன்றே ரெட் ஆக்சைடு அடித்துவிட வேண்டும். கடலோர ஊர்களில் ஓர் இரவு விட்டாலே மேலே செம்மை படர்ந்துவிடும்.

தரையோடு பூட்ட எட்டு இடம். எம்8 போல்ட், தரைக்கு அடியில் 75×75×3 மி.மீ. தகடு, நைலாக் நட்டு (நடுக்கத்தில் தளராமல் உள்ளே நைலான் வளையம் உள்ளது). துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து டீசல் டேங்க், பிரேக் பைப், ஒயரிங் எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மேலே வாருங்கள். பெஞ்சுக்குள் பேட்டரியோ 50 லிட்டர் தண்ணீர் டேங்கோ வைப்பதானால் அவற்றுக்குத் தனிப் பட்டை போட்டுத் தரையோடு கட்ட வேண்டும், பெஞ்சோடு அல்ல.

படுக்கையாக விரிப்பது

வழிகள் மூன்று. எதிரெதிர் பெஞ்சுகளுக்கு நடுவே மேசையை இறக்கிப் படுக்கையாக்குவது ஒன்று. அகலமான படுக்கை கிடைக்கும், பகலில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் தினமும் ராத்திரி மேசையைக் காலி செய்து, காலைக் கழற்றி, இறக்கி, மெத்தை அடுக்க வேண்டும். மூன்றாம் நாளே மேசை நிரந்தரமாகக் கீழேயே கிடக்கும். அப்புறம் அது வெறும் கட்டில்.

சாய்மானத்தைப் படுக்க வைக்கும் கீல் முறை இன்னொன்று. சோஃபா-கம்-பெட் கீல் கடையில் கிடைக்கிறது. வீட்டுக் கூடத்துக்காகச் செய்த அந்தக் கீலின் ரிவெட்டுகள் வண்டியின் நடுக்கத்தில் தளர்ந்து லொடலொடக்கும். விரித்தால் முதுகுக்கு நேராக ஒரு பள்ளமும் விழும்.

இருவர் படுக்கும் வண்டிக்கு, சட்டங்கள் விரல் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று ஓடும் இழுப்பு முறைதான் சிறந்தது. நிலையான பாதியில் இரண்டரை இஞ்ச் அகல, முக்கால் இஞ்ச் கன மரச்சட்டங்கள். அவற்றின் இடைவெளியில் இழுக்கும் பாதியின் சட்டங்கள். 22 இஞ்ச் பெஞ்ச் இழுத்தால் 44 இஞ்ச் ஆகும். சாய்மான மெத்தை அப்படியே கீழே இறங்கி மிச்ச இடத்தை நிரப்பும். அதனால் சாய்மானமும் அதே 22 இஞ்ச், அதே 4 இஞ்ச் கனம் இருக்க வேண்டும். சாய்மானத்தை மெல்லிசாகத் தைத்துவிட்டால் படுக்கையில் படிக்கட்டு விழும். குஷன் கடையில் இதை இரண்டு தடவை சொல்லிவிடுங்கள்.

சட்டத்துக்குச் சட்டம் இருபுறமும் ஒரு நூல் (எட்டில் ஒரு இஞ்ச்) இடைவெளி விடுங்கள். தச்சர்கள் அழகுக்காக நெருக்கிச் செய்வார்கள். ஐப்பசி மழையில் மரம் ஊறினால் அது பூட்டு மாதிரி இறுகிவிடும், இழுக்க முடியாது. நாலு பக்கமும் பாலிஷ் அடிப்பதும் இதற்குத்தான். முன் காலருகே இருபுறமும் தாழ்ப்பாள் வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு திடீர் பிரேக்குக்கும் அல்லது வளைவுக்கும் படுக்கை தானே வெளியே ஓடிவரும்.

ஃபோமும் உறையும்

கடையில் சொல்லும் "40 டென்சிட்டி" என்பது ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ என்ற கணக்கு. கடினம் வேறு, டென்சிட்டி வேறு. கையால் அமுக்கிப் பார்த்து டென்சிட்டியைக் கண்டுபிடிக்க முடியாது. தராசில் வையுங்கள். 6 அடி × 2 அடி × 4 இஞ்ச் துண்டு 40 டென்சிட்டியில் 4.5 கிலோ இருக்க வேண்டும். 3.6 கிலோ என்றால் அது 32. அதற்கும் கீழே போனால் ஒரே கோடையில் உட்காரும் இடம் குழியாகும். ரீபாண்டட் ஃபோம் (ஃபோம் துண்டுகளை ஒட்டி அழுத்தியது) மட்டும் போட்டால் பலகைபோல் இருக்கும். சாதா ஃபோம் மட்டும் போட்டால் இடுப்பு கீழே தட்டும். அடியில் ஓர் இஞ்ச் ரீபாண்டட், மேலே மூன்று இஞ்ச் 40 டென்சிட்டி. உட்காரவும் படுக்கவும் ஒரே மெத்தை என்றால் இந்தச் சேர்க்கைக்கு ஈடில்லை.

ரெக்சினைத் துடைத்தால் போதும், குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு வசதி. ஆனால் சித்திரை வெயிலில் அதில் படுத்தால் முதுகு ஒட்டும். மேல்புறம் கெட்டித் துணி, கீழ்ப்புறமும் பக்கமும் ரெக்சின், பின்னால் முழு நீள ஜிப். அடிப்பலகையில் அரையடிக்கு ஒரு துளை, ஓர் இஞ்ச் விட்டம். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் மூச்சுக்காற்றின் ஈரம் மெத்தைக்கு அடியில்தான் போய்த் தங்கும். துளை இல்லாவிட்டால் பூஞ்சை கறுப்பாகப் படர்ந்தபிறகுதான் தெரியவரும்.

கூரைக் கேரியர்

இங்கே தராசு மறுபக்கம் சாய்கிறது. 8×5 அடிக் கேரியருக்குச் சுற்றுச்சட்டம், ஐந்து குறுக்குப் பார், மேல் கைப்பிடிச் சட்டம், கால்கள் எல்லாம் சேர்த்து 25 மீட்டர் பைப் போகும். 16 கேஜ் 25×25 எம்.எஸ்.ஸில் 29 கிலோ. 38×38, 2 மி.மீ. கன அலுமினியப் பைப்பில் 19 கிலோ. அலுமினியம் இரும்பைவிட மூன்று மடங்கு வளைந்துகொடுக்கும் உலோகம்தான். ஆனால் பைப் பெரிதாக இருப்பதால் இந்த 38 மி.மீ. பார் அந்த இரும்புப் பாரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் விறைப்பு. அதே 25×25 அளவில் 2 மி.மீ. அலுமினியம் போட்டால் விறைப்பு பாதிக்கும் கீழே போய்விடும். அலுமினியக் கேரியர் தொங்குகிறது என்று குறை சொல்பவர்கள் அநேகமாக இந்த அளவில்தான் செய்திருப்பார்கள், அல்லது ஜன்னலுக்கு விற்கும் மெல்லிய செக்‌ஷனை வாங்கியிருப்பார்கள்.

அலுமினியத்தை வெல்டிங் செய்தால் சூடு பட்ட இடத்தில் உலோகத்தின் வலு வெகுவாகக் குறைந்துவிடும். விரிசல் எப்போதும் வெல்டிங் கோட்டை ஒட்டியே ஓடும். ஆகவே மூலைகளில் 5 மி.மீ. முக்கோணத் தகடு வைத்து எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) போல்ட்டால் பூட்டுங்கள். அலுமினியமும் எஸ்.எஸ்.ஸும் தொடும் இடத்தில் நைலான் வாசர் தேவை, ராமேஸ்வரம், ஈ.சி.ஆர். பக்கம் அடிக்கடி போகும் வண்டியில் உப்புக்காற்று அந்த இடத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும்.

காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 90 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீட்டர் தகட்டின்மேல் காற்று சுமார் 38 கிலோ அளவுக்கு அழுத்துகிறது. 2 மீட்டருக்கு 1 மீட்டர் சோலார் பேனலின் முன்விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றால், 22 கிலோ பேனலை எழுபது கிலோவுக்கு மேல் மேலே இழுக்கும். பேனலைக் கேரியரின் முன் பாருக்குப் பின்னால், படுத்த நிலையில், முன்னே ஒரு சாய்வுத் தகட்டோடு பூட்டுங்கள். கூரைக்கும் பேனலுக்கும் 2 இஞ்ச் காற்றோட்டம் வேண்டும். சூடேற ஏற மின்சாரம் குறையும்.

காலைக் கூரையோடு சேர்ப்பதில் இரண்டு வழி. கூரை ஓரத்தில் மழைநீர் வழியும் மடிப்பு உறுதியாக இருந்தால் கிளாம்ப் போதும்: துளை இல்லை, ஒழுகல் இல்லை, எஃப்.சி.க்குக் கழற்றி வைக்கலாம். மடிப்பில் துரு இருந்தாலோ, மேலே ஏறி நிற்கப் போகிறீர்கள் என்றாலோ கிளாம்ப்பை நம்பக் கூடாது. அப்போது கூரையில் துளை போட்டே ஆக வேண்டும், அதுவும் தகட்டுக்கு அடியில் ஓடும் குறுக்கு விலாவின்மேல். விரலால் தட்டிக்கொண்டே போனால் வெறும் தகடு டொம்மென்று ஒலிக்கும், விலா வந்ததும் சத்தம் இறுகும். ரிவெட் நட்டு (தகட்டுத் துளையிலேயே பதித்துவிடும் நட்டு) வேண்டாம். மெல்லிய தகட்டில் ஒருநாள் சுற்ற ஆரம்பித்தால் இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது.

உள் லைனிங்கை இறக்கி விளக்கு ஒயரை ஒதுக்கிவிட்டு, மேலிருந்து முதலில் 3 மி.மீ., பிறகு எட்டரை மி.மீ. துளை. பிசிறை அரத்தால் தேய்த்து எடுங்கள். சிதறிய இரும்புத் தூளைக் காந்தத்தால் வழித்து எடுக்காவிட்டால் மறுநாள் பனியில் வெள்ளைப் பெயின்ட் முழுக்கச் செம்புள்ளி. துளை விளிம்பில் பிரைமர் காய்ந்தபிறகு பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட், மேலே ரப்பர் வாசர், உள்ளே 75×75×3 தகடு. பாத்ரூமுக்குப் போடும் வினிகர் வாசனை சிலிகான் வேண்டாம். அது காயும்போது விடும் அமிலம் தகட்டைத் தின்னும். நட்டைக் கை இறுக்கத்தில் ஒருநாள் விட்டு, சீலன்ட் ரப்பர்போல் ஆனபிறகு ஸ்பேனர் போடுங்கள். அன்றே முழுசாக இறுக்கினால் சீலன்ட் எல்லாம் பிதுங்கி வெளியே வந்து, துளைக்குள் எதுவும் மிஞ்சாது.

லைனிங்கை உடனே மூடிவிடாதீர்கள். ஹோஸ் பைப்பில் ஒவ்வொரு காலின்மேலும் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, உள்ளே தகட்டின் அடிப்புறத்தை டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். 500 கி.மீ. ஓடியபின் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கி, மறுபடி அதேபோல் தண்ணீர் விட்டுப் பார்த்தபிறகுதான் லைனிங்.